பிரம்புப் பீங்கானுக்குச் சந்தனப் பொட்டு

செப். 29, திங்கள்

புழுக்கம். எண்ணூர் பக்கம் கறுத்துவிட்டு மழை பெய்யாமல் போனது. எர்ணாவூர் வரை ஷேர் ஆட்டோவில் ஒரு கால் வெளியே.

வெள்ளிக்கிழமை பாய்லர் கம்பெனி ஆள் வருகிறார், என் பிரம்புப் பீங்கானைப் பார்க்க. பன்னிரண்டு பீஸ், விரல் நீளம். நாற்காலிக் கடைப் பிரம்பைக் கரியாக்கி, அலுமினாக் கரைசலில் எட்டு முறை ஊறவைத்து, உலை பார்க்கும் யூசுப் பாய் சுட்டுத் தந்தது. கரி எரிந்து போச்சு. செடி தண்ணீர் ஏற்றிய மெல்லிய குழாய்கள் மட்டும் அப்படியே, பீங்கானாக. உட்சுவரில் மருந்து பூசிப் புகையை விட்டால் நச்சு குறையும். குழாய் இந்த முனை முதல் அந்த முனை வரை திறந்திருக்கணும், அவ்வளவுதான்.

மேனேஜர் சார் டார்ச் அடித்துப் பார்த்தார். "வெளிச்சம் வரலையேம்மா. ஊறவெச்சு ஊறவெச்சு அடைச்சுட்ட."

பிரம்பு என்ன ஸ்கேலா, நேராக இருக்க? வெளிச்சம் வளையாது, தண்ணீர் வளையும். ஒரு சொட்டு விட்டுக் காட்டுகிறேன் என்றேன்.

"கஸ்டமர் பாக்கற பீஸ நனைக்காத. அவர் வேணாம்னுட்டா நீ மறுபடி பேக்கிங்குக்கே போயிடு."

ஏழு வருடம் அட்டைப்பெட்டி ஒட்டினேன். அங்கே திரும்பிப் போக மாட்டேன்.

வாங்க: ப.மிளகாய், அம்மாவுக்கு மூட்டுவலித் தைலம், பூஜைக்குப் பொரி.

செப். 30, செவ்வாய்

காலையில் தூறல். நாளையும் மறுநாளும் லீவு, அதனால் ஆயுத பூஜை இன்றே. உலை நேற்றே அணைத்தாச்சு. கிரைண்டருக்குப் பொட்டு, தராசுக்குப் பொட்டு, தீயணைக்கும் சிலிண்டருக்கும் பொட்டு. நான் பொரி கட்டிக்கொண்டிருந்தேன். திரும்பினால் சார் என் டிரே முன்னால். செய்தித்தாள் விரித்து நிறுத்தியிருந்த பன்னிரண்டு பீஸ் தலையிலும் தண்ணியாகக் கரைத்த சந்தனம், மேலே குங்குமம். அதற்கும் மேலே பன்னீர்!

"இன்னா சார் பண்ணிக்கீறீங்க!"

"மங்களம்மா. அவ்ளோ அக்கற இருந்தா மூடி வெச்சிருக்கணும். இது உன் தப்பு."

என் தப்பாம். ஊருக்குத்தான் உபதேசம். நான் ஒரு சொட்டு விட்டால் குற்றம், அவர் பன்னீர்ச் செம்பையே கவிழ்த்தால் பக்தி.

யூசுப் பாயிடம் ஓடினேன். "மறுக்கா சுட்டா கறை போயிரும்மா. ஆனா உலை சூடேறவே ரெண்டு நாளு. வெள்ளிக்கெழம எப்டி?"

என் பங்குப் பொரியைக்கூட வாங்காமல் வந்துவிட்டேன்.

அக். 2, வியாழன்

லீவு. துணி ஊறவைத்தேன், துவைக்கவில்லை. சாரிடம் கேட்க வேண்டியதையெல்லாம் சுவரிடம் கேட்டேன். அம்மா: "யாராண்டடி பேசிகினு கீற?" தைலம் மறந்துவிட்டேன், அதற்கும் திட்டு. அழுகை வந்தது, தைலத்துக்காக இல்லை.

அக். 3, வெள்ளி

வெயில். பொட்டையாவது துடைக்கலாமென்று ஏழரைக்கே போனேன். முதல் பீஸைத் தூக்கினேன். அடியில் செய்தித்தாளில் சிவப்புப் புள்ளிகள். பொடிப்பொடியாக, வட்டமாக. பிரம்பைக் குறுக்கே வெட்டினால் தெரியும் அதே புள்ளிகள். அடுத்த பீஸ், அதேதான். பன்னிரண்டும் அதேதான்.

யூசுப் பாய் குனிந்து பார்த்தார். "இன்னாம்மா, மேல வெச்ச பொட்டு கீழ எறங்கிகீது!"

அடைச்சிருக்காம்! டார்ச்சாம்!

துடைக்கவில்லை. பதினொரு மணிக்குப் பாய்லர் கம்பெனிக்காரர் வந்தார். தாளைக் காட்டிப் பேசத் தொடங்கினேன், சார் குறுக்கே புகுந்தார். "செவப்புச் சாயம் விட்டு நாங்களே டெஸ்ட் பண்ணோம் சார்." நாங்களே! நாக்கு கூசவில்லை அந்த மனுஷருக்கு.

வந்தவர் எழுத்தில் கேட்டார். சார் என்னைத் தனியே கூப்பிட்டு, "சாயச் சோதனைன்னு போடு. செஞ்சவர்ங்கற எடத்துல என் பேரு" என்றார். சரி என்று தலையாட்டினேன். எழுதியது இது:

சோதனை முறை: ஆயுத பூஜைச் சந்தனம், குங்குமம், பன்னீர்.
ஊற்றியவர்: மேனேஜர், தெரியாமல்.
கண்டவர்: என் பெயர், என் கையெழுத்து.

சாரிடம் தரவில்லை, நேரே வந்தவர் கையில் கொடுத்தேன். படித்தார். இன்னொரு தடவை படித்தார். "பொட்டோடவே குடுங்கம்மா" என்று பன்னிரண்டையும் வாங்கிக்கொண்டார். கார் கேட்டைத் தாண்டிவிட்டது.

சார் அறையிலிருந்து மூன்றாவது தடவை கூப்பிடுகிறார். இதை எழுதி முடித்துவிட்டுத்தான் போவேன்.