இரண்டாவது பிரேக்

தியான மடம்,
ஜனவரி 9

அன்புள்ள வாத்தியாருக்கு,

முதலில் உங்கள் முழங்காலைப் பற்றிக் கேட்டுவிடுகிறேன். இல்லாவிட்டால், "எடுத்த எடுப்பிலேயே விஷயத்துக்குப் போயிட்டா பாரு" என்று கடிதத்தை மேசையில் போட்டுவிடுவீர்கள். தைலம் தேய்க்கிறீர்களா, இல்லை பாட்டிலை மட்டும் பக்கத்தில் வைத்துக்கொண்டு படுக்கிறீர்களா?

நான் சௌக்கியம். மதியத்துக்கு மேல் சாப்பாடு இல்லாதது பழகிவிட்டது. போன வாரம் பெருக்கிக்கொண்டே பின்னால் நகர்ந்தபோது, கார் ஓட்டும் பழக்கத்தில், இல்லாத கண்ணாடியை நிமிர்ந்து பார்த்திருக்கிறேன். கூட இருந்தவர்கள் சிரித்தார்கள். நீங்கள் எனக்குக் "கண்ணாடி" என்று வைத்த பெயர் இங்கேயும் வந்து சேர்ந்துவிட்டது.

இனி விஷயம். இரண்டு வருடப் பயிற்சி முடியட்டும், பிறகு பேசலாம் என்று சொல்லித்தான் என்னை அனுப்பிவைத்தீர்கள். அது முடிந்துவிட்டது. மே மாதம் என்னைப் பிக்குணியாக ஏற்றுக்கொள்ளலாம் என்கிறார்கள். அன்றைக்கு எல்லாருக்கும் முன்னால் சில கேள்விகள் கேட்பார்கள். தொற்றுநோய் உண்டா, யாருக்கேனும் அடிமையா, கணவர் சம்மதித்தாரா என்று. இரண்டாவது கேள்விக்கு, "அவ இல்லை, நான்தான் அடிமை" என்று நீங்கள் எழுந்து நின்று சொல்வீர்கள் என்று நினைத்துச் சிரித்துக்கொண்டேன். மூன்றாவது கேள்விக்குத்தான் என்னிடம் பதில் இல்லை. அது உங்களிடம் இருக்கிறது.

சம்மதம் தருவீர்களா?

உங்கள்,
கண்ணாடி


வீடு,
ஜனவரி 21

அன்புள்ள கண்ணாடிக்கு,

முழங்கால் இருக்கிறது. தைலமும் இருக்கிறது. இரண்டுக்கும் இன்னும் அறிமுகம் ஆகவில்லை.

உன் கடிதத்தைப் படித்ததும் எனக்குத் தோன்றியது ஒன்றுதான். புத்தர் பெண்டாட்டியிடம் சொல்லிக்கொள்ளாமலே கிளம்பினார். நீ கேட்டுக்கொண்டு கிளம்புகிறாய். அந்த மட்டுக்கு எனக்கு லாபம்.

ஆனால் சம்மதம் கிடையாது.

கோபப்படாதே. பயிற்சி முடிந்தால் வந்துவிடுவாய் என்று நம்பித்தான் அனுப்பினேன். இரண்டு வருடமாக உன் பக்கத்துத் தலையணை உறையைக்கூட மாற்றிக்கொண்டு இருக்கிறேன். அங்கே உனக்கு மதியத்துக்கு மேல் சாப்பாடு இல்லை, இங்கே சமைக்கச் சோம்பல்பட்டு எனக்கும் ராத்திரிச் சாப்பாடு இல்லை. ஆக, நானும் பாதித் துறவிதான். இந்தப் பாதியோடு நிறுத்திக்கொள்ளலாமே.

நேற்று காரின் டாஷ்போர்டைத் திறந்தால் உன் ஹேர்பின்கள். மொட்டை அடித்துக்கொண்டவளுக்கு ஹேர்பின் எதற்கு என்று கேட்காதே. அவை அங்கேதான் இருக்கும்.

மருந்துக்கடைக்காரரிடம் புலம்பினேன். "எல்லாம் உங்க கர்மா சார், போன ஜென்மத்துல யாரையோ தவிக்க விட்டிருப்பீங்க" என்று சொல்லிவிட்டு மாத்திரையை எண்ண ஆரம்பித்துவிட்டார். அப்படி யாரைத் தவிக்கவிட்டேன்? உன் மடத்தில் கேட்டுச் சொல்.

போன வாரம் மகள் வந்து என்னைக் கடைத்தெருவுக்குக் காரில் கூட்டிப்போனாள். வழி முழுக்க என் கால் தரையை மிதித்துக்கொண்டே வந்தது. "அப்பா, அங்க பிரேக் இல்ல, இது என் கார், உங்க டிரைவிங் ஸ்கூல் கார் இல்ல" என்றாள். இத்தனை வருடத்தில் அடுத்தவர் ஓட்டும் காரில் ஒரு பொட்டுத் தூக்கம் தூங்கியதில்லை நான். அது உனக்குத் தெரியும்.

உன்,
வாத்தியார்


தியான மடம்,
பிப்ரவரி 4

அன்புள்ள வாத்தியாருக்கு,

நீங்கள் மறுத்ததில் எனக்குக் கோபம் இல்லை. வருத்தம் இருந்தது, அதைப் பொய் சொல்ல மாட்டேன்.

புத்தரைப் பற்றிச் சொன்னீர்களே, மீதியையும் கேளுங்கள். பிற்பாடு அவர் ஊர் திரும்பித் தன் சின்ன மகனையும் துறவியாக்கினார். பேரனும் போன துக்கத்தில் அவருடைய தகப்பனார் வந்து, "பெற்றவர்களைக் கேட்காமல் இனி ஒரு பிள்ளையையும் எடுத்துக்கொள்ளாதே, வலி எலும்பு வரைக்கும் போகிறது" என்றாராம். அவரும் சரி என்றாராம். அன்றிலிருந்து விட்டுப் போகிறவர்கள் கேட்டுவிட்டுத்தான் போக வேண்டும் என்று ஆயிற்று. உங்களைக் கேட்பது வெறும் சடங்கு இல்லை என்று சொல்லத்தான் இதை எழுதினேன்.

மருந்துக்கடைக்காரர் சொன்னது தலையெழுத்து. இங்கே வினை என்றால் வேறு. எந்த எண்ணத்தோடு ஒன்றைச் செய்கிறோமோ அந்த எண்ணம்தான் வினை என்கிறார்கள். போன ஜென்மத்தைத் தோண்ட வேண்டியதில்லை. இப்போது மனசில் என்ன இருக்கிறது என்று பார்த்தால் போதுமாம். நம் தொழிலை வைத்தே எனக்குப் புரிந்தது. வண்டி ஓட்டப் பழகும் மாணவர் பக்கத்தில் உட்கார்ந்து, வாத்தியாருக்கென்று வைத்த நம் பக்கத்துப் பிரேக்கை மிதிக்கிறோமே, அது அவரைக் காப்பாற்றவா, நம் பயத்துக்காகவா? வண்டி இரண்டுக்கும் ஒரே மாதிரிதான் நிற்கும். ஆனால் மிதித்தவருக்குள் விளைவது ஒன்று இல்லை.

அக்காவின் கடைசி நாட்களில் அவள் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன் அல்லவா? ஒருநாள் குனிந்து பார்த்தால் என் வலது கால் ஆஸ்பத்திரித் தரையை அழுத்திக்கொண்டிருந்தது. முட்டி வலிக்கிற அளவுக்கு. அவள் போய்க்கொண்டிருக்கிறாள், நான் நிறுத்தப் பார்க்கிறேன். அவள் போனது ஒரு துக்கம். மிதிக்க மிதிக்க நிற்கவில்லையே என்று நான் பட்டது இன்னொரு துக்கம். முதலாவதை யாராலும் தடுக்க முடியாது. இரண்டாவது நானே உண்டாக்கிக்கொண்டது. அதிலிருந்து வெளியே வர ஒரு வழி உண்டு என்று இவர்கள் சொன்னதைக் கேட்டுத்தான் வந்தேன். உங்களைப் பிடிக்காமல் வரவில்லை. இதை முன்பே சொல்லியிருக்க வேண்டும். அப்போது சொல்லத் தெரியவில்லை.

தைலத்துக்கும் முழங்காலுக்கும் சீக்கிரம் அறிமுகம் செய்துவையுங்கள்.

கண்ணாடி


வீடு,
மார்ச் 2

கண்ணாடிக்கு,

உன் கடிதத்துக்குப் பதில் எழுதாமல் நாளைக் கடத்தினேன். பதில் எழுதினால் சரி அல்லது இல்லை என்று ஒன்றைச் சொல்ல வேண்டும் அல்லவா? அதனால் இந்தக் கடிதத்தில் வேறு கதை பேசுகிறேன்.

ஒரு நர்ஸம்மா கற்றுக்கொள்ள வருகிறார். ஐம்பதைத் தாண்டியவர். உன்னை மாதிரியே, உட்கார்ந்ததும் கண்ணாடியைத் திருப்பிக்கொண்டே இருக்கிறார். பார்த்ததும் எனக்கு என்னவோ போல் ஆகிவிட்டது.

உன் முதல் வகுப்பு ஞாபகம் இருக்கிறதா? பழைய பச்சைக் கார், மூடிக் கிடந்த மில் பின்னால் இருந்த மைதானம். நீ கண்ணாடியைச் சரிசெய்து முடிப்பதற்குள் பாதி வகுப்பு போய்விட்டது. அப்புறம் கிளப்பினாய். நின்றது. மறுபடியும் கிளப்பினாய். மறுபடியும் நின்றது. "க்ளட்ச்ச மெதுவா விடும்மா" என்று நான் சத்தம் போட்டேன். நீ உதட்டைக் கடித்துக்கொண்டு மறுபடியும் சாவியைத் திருப்பினாய். அன்றைக்குப் பெய்த மழையில் வைப்பர் ஒரு பக்கம்தான் வேலை செய்தது, உன் பக்கம் மட்டும். நான் ஒன்றும் தெரியாமல் உட்கார்ந்திருந்தேன். அப்படி ஒரு சாயங்காலம் இனி வராது, கண்ணாடி. இப்போது அந்த மைதானத்தில் அடுக்குமாடி வீடுகள் வந்துவிட்டன.

இதை எல்லாம் நினைத்துக்கொண்டு எப்படிச் சரி என்று எழுதுவது, நீயே சொல்.

வாத்தியார்


தியான மடம்,
மார்ச் 15

அன்புள்ள வாத்தியாருக்கு,

அந்தச் சாயங்காலம் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. வண்டி ஏன் நின்றது என்பதும்.

உங்கள் கால் பிரேக்கில் இருந்தது. பழுப்புச் செருப்பு. முதல் தடவை நின்றபோதே பார்த்துவிட்டேன். பயத்தில் மிதித்துக்கொண்டிருப்பது உங்களுக்கே தெரியவில்லை. "சார், கால எடுங்க" என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் வண்டி ஓடும். ஓடினால் வகுப்பு முடிந்துவிடும். அதனால், "க்ளட்ச்தான் சார், என் தப்புதான்" என்றேன்.

இதை மறக்கச் சொல்லி இங்கே யாரும் கேட்கவில்லை. நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. நினைவு வரட்டும், போகட்டும், வாசலில் உட்கார வைத்துப் பூட்டாதே என்றுதான் சொல்கிறார்கள்.

நீங்கள் மறுத்தால் நான் இங்கே பயிற்சிக்காரர்களின் வெள்ளை உடையிலேயே பெருக்கிக்கொண்டிருப்பேன். உங்களைச் சபிக்க மாட்டேன். ஆனால் மே மாதத்துக்குள் ஒரு பதில் வேண்டும்.

கண்ணாடி


வீடு,
ஏப்ரல் 6

அன்புள்ள கண்ணாடிக்கு,

பிரேக்கில் கால் இருந்ததா! இத்தனை வருடம் இதை மனசுக்குள் வைத்துக்கொண்டு என்னோடு குடித்தனம் நடத்தியிருக்கிறாய். பொல்லாதவள் நீ.

நர்ஸம்மா லைசென்ஸ் தேர்வில் தவறிவிட்டார். திரும்பவும் போனார், திரும்பவும் தவறினார். நம் காரில் அருமையாக ஓட்டுகிறவர், அதிகாரி பக்கத்தில் உட்கார்ந்தால் நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தாமல் போய்விடுகிறார். ஏன் என்று எனக்குப் பிடிபடவில்லை. அவரே சொன்னார்: "நான் மிதிக்கறதுக்குள்ள நீங்க மிதிச்சிடறீங்க சார். வண்டி தானா நிக்கும்னு என் காலு பழகிப்போச்சு. தப்பா நினைக்காதீங்க, நீங்க காலை எடுத்தாத்தான் நான் கத்துக்க முடியும்."

அன்றைக்கு ராத்திரி உன் பிப்ரவரிக் கடிதத்தைத் திரும்பப் படித்தேன். காப்பாற்றவா, பயத்துக்காகவா என்று கேட்டிருந்தாயே. பயம்தான். உன் விஷயத்திலும் பயம்தான். நீ அங்கே கஷ்டப்படுவாய் என்றா மறுத்தேன்? நீ அங்கே நிம்மதியாக இருக்கிறாய் என்பது உன் எழுத்திலேயே தெரிகிறது. எனக்கு இந்த வீட்டில் தனியாகக் கிழவனாகப் பயம். அதற்காக உன் வண்டியின் பிரேக்கை மிதித்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

மறுநாள் வகுப்பில் இரண்டு காலையும் சீட்டுக்கு அடியில் இழுத்து வைத்துக்கொண்டேன். கால் ஆடிய ஆட்டத்தைப் பார்க்க வேண்டுமே. ஒரு சைக்கிள்காரர் சந்திலிருந்து திடீரென்று வந்தார். எனக்கு உயிரே போய்விட்டது. நர்ஸம்மா நிறுத்தினார். சைக்கிள்காரர் அவர் பாட்டுக்குப் போனார். அவ்வளவுதான்.

கண்ணாடி, என் சம்மதத்தைத் தருகிறேன். யாரும் வற்புறுத்தவில்லை. முழு மனசோடு என்று எழுத ஆசை. முக்கால் மனசோடு என்பதுதான் உண்மை. மீதிக் கால் வந்து சேரும்.

ஹேர்பின்களை மகளிடம் கொடுத்துவிட்டேன்.

உன்,
வாத்தியார்


தியான மடம்,
ஏப்ரல் 20

அன்புள்ள வாத்தியாருக்கு,

உங்கள் சம்மதம் வந்தது. சந்தோஷத்தில் குதிப்பேன் என்று நினைத்திருந்தேன். துணி துவைக்கும் இடத்தில் உட்கார்ந்து, வாளித் தண்ணீர் ஆறும் வரைக்கும் அழுதேன்.

உங்களிடம் மறைக்காமல் சொல்கிறேன். எப்படியும் மறுத்துக்கொண்டே இருப்பீர்கள் என்ற தைரியத்தில்தான் இத்தனை நாளும் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறேன். நீங்கள் பிடித்துக்கொண்டிருந்ததால் நான் விட்டுவிட்டதாக நினைத்துக்கொண்டேன். நீங்கள் விட்ட பிறகுதான், நான் எவ்வளவு இறுக்கிப் பிடித்திருந்தேன் என்று தெரிகிறது. உங்கள் பழுப்புச் செருப்பு, நீங்கள் கொட்டாவி விட்டுக்கொண்டே ராகம் போடுவது, தைலம் தேய்க்காத அந்த முழங்கால், எல்லாம்.

பெரிய பிக்குணியிடம் கடிதத்தைக் காட்டினேன். படித்தார். "அவருடைய சம்மதம் வந்துடுச்சு. உன்னோடது?" என்றார்.

ஒரு வாரம் வழக்கம் போலப் பெருக்கினேன், உட்கார்ந்தேன், அழுகை வந்தபோது அழுதேன். அழுகை தீர்ந்த பிறகும் இங்கேதான் இருக்க வேண்டும் என்று இருந்தது. என்னுடையதும் வந்துவிட்டது என்று போய்ச் சொன்னேன்.

மே பதினைந்தாம் தேதி காலையில். மகளைக் கூட்டிக்கொண்டு வாருங்கள். உறவினர்கள் இடது பக்கம் உட்காருவார்கள். நாற்காலி கிடையாது, கால்களை மடித்து உட்கார வேண்டும். நல்லதாகப் போயிற்று, உங்களால் தரையை மிதிக்க முடியாது.

இனி நான் கடிதம் எழுதுவது இருக்காது. எழுதக் கூடாது என்று யாரும் சொல்லவில்லை. எழுத ஆரம்பித்தால் முதல் வரியிலேயே முழங்காலைக் கேட்பேன், அதனால்தான். உங்களோடு வாழ்ந்தது எனக்கு நல்ல வாழ்க்கையாக இருந்தது. இதைச் சொல்லாமல் போகக் கூடாது.

கடைசி முறையாக,
உங்கள் கண்ணாடி


வீடு,
மே 17

மதிப்புக்குரிய அம்மா அவர்களுக்கு,

எப்படி விளிப்பது என்று மகளைக் கேட்டேன். அவளுக்கும் தெரியவில்லை. தவறு இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். "நீ" என்று எழுதிவிட்டு இரண்டு தாளைக் கிழித்துப் போட்டேன்.

நீங்கள் சொன்னபடி இடது பக்கம் உட்கார்ந்திருந்தேன். "கணவர் சம்மதித்தாரா?" என்று கேட்டார்கள். "ஆம்" என்றீர்கள். குரல் தெளிவாக இருந்தது. அப்போது நீங்கள் என் பக்கம் திரும்பிப் பார்ப்பீர்கள் என்று எதிர்பார்த்தேன். பார்க்கவில்லை. வாழ்நாள் முழுக்கப் பின்னால் பார்த்துப் பார்த்து ஓட்டியவர் நேரே பார்த்துக்கொண்டிருந்தீர்கள். எனக்கு வலித்தது. அதோடு, அழகாகவும் இருந்தது.

எல்லாரும் வணங்கியபோது நானும் உங்களை வணங்கினேன். முழங்கால் போட்ட சத்தம் உங்களுக்குக் கேட்டிருக்கும். அன்று ராத்திரி தைலம் தேய்த்துக்கொண்டேன்.

நர்ஸம்மா தேறிவிட்டார். நீங்கள் எழுதியிருந்தால் கேட்டிருப்பீர்கள், அதனால் சொல்கிறேன்.

இந்தக் கடிதத்துக்குப் பதில் வேண்டாம். ஒன்றே ஒன்றைச் சொல்லத்தான் எழுதினேன். வரும்போது நம் பள்ளிக் காரைத்தான் எடுத்து வந்தோம். திரும்பும்போது எனக்குக் கண் கலங்கிக்கொண்டே இருந்ததால் மகள் ஓட்டினாள். அவள் தலையில் உங்கள் ஹேர்பின். நான் என் வழக்கமான இடத்தில், என் பிரேக்குக்கு மேலே உட்கார்ந்தேன். மலைப்பாதை, வளைவுக்கு மேல் வளைவு, எதிரே லாரிகள் வேறு.

"அப்பா, வீடு வந்துடுச்சு" என்று அவள் தோளைத் தொட்டு எழுப்பினாள். வழி முழுக்கத் தூங்கியிருக்கிறேன்.

வணக்கத்துடன்,
வண்டி ஓட்டக் கற்றுக்கொடுக்கும் ஒருவர்