நாலு கதவு இம்பாலா

அண்ணை,

மூக்குக்கண்ணாடிக் கூட்டைத் திறந்தால் இன்னும் பொலிஷ் மணம்தான் வருகிறது. காரின் பம்பரைத் துடைக்கிற மஞ்சள் துணியில் ஒரு துண்டைக் கிழித்து, அதிலே சுற்றித்தான் இந்தக் கண்ணாடியை எனக்குத் தந்தீர்கள். துணி இப்போது கறுத்துவிட்டது. தோய்த்தால் மணம் போய்விடும் என்று நான் தோய்க்கவில்லை.

"அப்பா, உந்த ஊத்தைத் துணியாலையே கண்ணாடியைத் துடைக்கிறியள்?" என்று மகள் கேட்டாள். ஓம் என்றேன். துடைத்துப் போட்டுக்கொண்டு, வெக்ஸ்போர்ட் மாடிவீட்டு யன்னலோரம் இருந்து எழுதுகிறேன். ஒரு நாளைக்கு அரைப்பக்கம் போகிறது. அவசரம் இல்லை. நீங்களும் இனி எங்கேயும் போகப்போவதில்லை.

நாங்கள் பழகியது காதால்தான். நான் கனடாவுக்கு வந்து ஒரு மாதமும் ஆகவில்லை. யாரோ உறவினரைப் பார்க்க எங்கள் கட்டடத்துக்கு வந்திருந்தீர்கள். உங்கள் நீண்ட நீலக் கார் வாசலில் ஸ்டார்ட்டில் நின்றது. நான் கிட்ட வந்து சொன்னேன்: "அண்ணை, இதிலை ஒண்டு அடிக்கேல்லை."

"எட்டுச் சிலிண்டரிலை ஒண்டு அடிக்காட்டி உமக்குக் கேக்குமே?"

"கேக்குது. பிளக் வயரைப் பாருங்கோ."

பொனற்றைத் திறந்தீர்கள். ஒரு வயர் கழன்று தொங்கியது. அதை மாட்டிவிட்டு, என்னை மேலும் கீழும் பார்த்தீர்கள். "நீர் ஆர் காணும்?"

சுன்னாகத்தில் கராஜில் நின்றவன் என்றேன். எட்டு வயதில் வேலைக்குப் போனதையும், பெற்றோல் இல்லாத நாட்களில் மொறிஸ் மைனரை மண்ணெண்ணெயில் ஓடவைத்ததையும் சொன்னேன். பள்ளிக்கூடத்தைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

உங்கள் கார் அறுபதுகளில் வந்த இம்பாலா. அதிலும் எஸ்எஸ் என்ற வேக வகை. கார்களுக்குப் பெயின்ற் அடிக்கும் இடத்தில் வேலை செய்தபோது, கூட வேலை செய்த ஒருவரிடம் துருப்பிடித்த கூடாக வாங்கி, ஆறு வருடம் அதோடு மாரடித்து எழுப்பியிருந்தீர்கள். "மனிசி விட்டிட்டுப் போகாதது புதினம்" என்று நீங்களே சொல்வீர்கள்.

கோடை ஞாயிறுகளில் பின்னேரம் என்னையும் ஏற்றிக்கொண்டு கடைத்தொகுதிக் கார்த்தரிப்பிடத்துக்குப் போவீர்கள். அங்கே உங்களைப்போல் முப்பது பைத்தியங்கள். பழைய அமெரிக்கக் கார்களை வரிசையாக விட்டு, பொனற்றைத் திறந்துவைத்து, மடக்குக் கதிரையில் இருந்து கோப்பி குடிக்கிற வெள்ளைக்காரர்கள். தாடி வைத்த ஜோர்ஜ்தான் அவர்களுக்கு மூத்தவர். அவர்கள் பேசுவதை நீங்கள் எனக்குத் தமிழில் சொல்வீர்கள். ஏதாவது எஞ்சினில் குறை என்றால் என்னைக் கூப்பிடுவார்கள். நான் கண்ணை மூடிக்கொண்டு கேட்பேன். சொல்வது அநேகமாகச் சரியாக இருக்கும். இந்த ஊரில் எனக்கு இருந்த மரியாதை அது ஒன்றுதான்.

எழுத்து வந்த இடமெல்லாம் ஒரே பொய்தான் சொன்னேன். ஊரிலிருந்து வந்த கடிதம், உதிரிப்பாகப் புத்தகம், கடையில் தொங்குகிற விலைப்பலகை, எது என்றாலும், "கண்ணாடியை வீட்டிலை விட்டிட்டு வந்திட்டன் அண்ணை. நீங்களே வாசியுங்கோ." நீங்களும் வாசித்தீர்கள். பிறகு ஒரு ஞாயிறு உங்கள் பழைய கண்ணாடியைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்து, காரின் முன்தட்டில் வைத்தீர்கள்.

"இனி மறக்கேலாது. என்ரை காரிலை ஏறினா இதைப் போடும்."

போட்டேன். எல்லாம் பெரிதாகத் தெரிந்தது. எழுத்தும் பெரிதாகத் தெரிந்தது. அவ்வளவுதான்.

அந்த நாட்களில்தான் செய்தி வந்தது. இம்பாலா எஸ்எஸ் என்ற பெயரைத் திரும்பக் கொண்டுவந்து ஒரு புதுக் காருக்கு வைத்திருக்கிறார்கள், அந்தக் காருக்கு நாலு கதவு என்று. கார்த்தரிப்பிடமே செத்தவீடு மாதிரி ஆகிவிட்டது. பொலிசுக்கும் டக்சிக்கும் விடுகிற காரைக் கறுப்பாக்கிப் பெயரை ஒட்டியிருக்கிறார்கள் என்றார் ஜோர்ஜ். அவரைவிட நீங்கள்தான் கொதித்தீர்கள். "எஸ்எஸ் எண்டா ரெண்டு கதவு. நாலு கதவிலை ஆக்களை ஏத்தி இறக்கிறதுக்கு உந்தப் பேர் ஏன்? என்ரை கார் இன்னும் சாகேல்லை, அதுக்குள்ளை அதின்ரை பேரை எடுத்து வேறை ஆருக்கோ வைக்கிறாங்கள்."

நான் தலையாட்டினேன். எனக்குப் பெயரைப் பற்றி என்ன தெரியும்?

இரண்டு மூன்று வாரம் கழித்து, நான் கோப்பி வாங்கிக்கொண்டு திரும்பி வருகிறேன். எல்லோரும் ஒரு கறுப்புக் காரைச் சுற்றி நிற்கிறார்கள். பிறம்ரனில் லொறி ஓடுகிற ரோனி என்பவர் கொண்டுவந்திருந்தார். பொனற் திறந்திருந்தது, எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. அந்தக் காரின் பின்பக்கத்தைக் கடந்துதான் முன்னால் வந்தேன். பெயர் பின்பக்கத்தில் எழுதியிருந்ததாம். கண்ணாடியும் போட்டிருந்தேன். ஏதோ கோளாறு, என்னைத்தான் எதிர்பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்று நினைத்து, வழக்கம்போலக் கண்ணை மூடிக் கேட்டேன்.

"கோளாறு ஒண்டும் இல்லை அண்ணை" என்றேன். "இது உங்கடை காரின்ரை பேரன். குரல் அப்பிடியே உரிச்சு வைச்சிருக்கு. கொஞ்சம் படிச்ச பிள்ளை, இருமல் இல்லை. அவ்வளவுதான் வித்தியாசம்."

நீங்கள் நிலத்தைப் பார்த்தீர்கள். என்ன சொல்கிறான் என்று ஜோர்ஜ் கேட்டார். அதுதான் அந்தப் புது இம்பாலா என்பதும், ஒரு நிமிடத்துக்கு முதல்தான் நீங்கள் அதை ஏசி முடித்திருந்தீர்கள் என்பதும் எனக்குத் தெரியாது. வேறு எதையாவது சொல்லிச் சமாளித்திருக்கலாம், எனக்குப் பிடிபட்டிருக்காது. ஆனால் நீங்கள் சொல்லுக்குச் சொல் மொழிபெயர்த்தீர்கள். இருமலைக்கூட விடவில்லை. ரோனி என் கையைப் பிடித்துக் குலுக்கிய குலுக்கில் கோப்பி முழுக்க என் சப்பாத்தில். ஜோர்ஜ் கதிரையை மடித்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டார்.

திரும்பி வரும்போது லோறன்ஸ் றோட்டில் சிவப்பு லைற்றில் நின்றோம். அங்கேதான் தொடங்கினீர்கள்.

"பின்னாலை எழுதியிருந்த பேரைப் பாத்திட்டு, அந்த லொறிக்காரனைக் குளிர்விக்க வாய்ப்பந்தல் போட்டிருக்கிறீர்."

"நான் பேரைப் பாக்கேல்லை அண்ணை."

"கண்ணாடி போட்டிருந்தனீரல்லோ. அதைக் கடந்து நீர் வந்ததை நான் பாத்தனான். எனக்கு எதிராக் கதைச்சதுக்குக் கோவமில்லை. ஆனா பேரைப் பாத்துப்போட்டுக் காதாலை கேட்டதெண்டு சொன்னீரே, இனி உம்மடை காதை நான் எப்பிடி நம்புறது?"

என்னிடம் இருந்ததே அந்தக் காது ஒன்றுதான். அதைக் காப்பாற்ற வேண்டும் என்றால், ஐம்பது வருடமாக ஒளித்துவைத்ததை எடுத்து வெளியே போடவேண்டும். லைற் பச்சைக்கு மாறியது.

"எனக்கு எழுத்துத் தெரியாது அண்ணை. இங்கிலிசும் தெரியாது, தமிழும் தெரியாது."

பின்னால் ஹோர்ண் அடித்தார்கள். நீங்கள் காரை எடுக்கவில்லை. "அப்ப கண்ணாடி?" என்றீர்கள்.

"கண்ணாடியிலை பிழையில்லை."

அதற்குப் பிறகுதான் சிரிக்கத் தொடங்கினீர்கள். பெற்றோல் நிலையத்துக்குள் காரை விட்டு, ஸ்டியறிங்கில் தலையை வைத்துச் சிரித்தீர்கள். என்னைப் பார்த்துச் சிரிக்கிறீர்களோ என்று எனக்கு உடம்பு கூசியது. கண்ணைத் துடைத்துக்கொண்டு நீங்கள் சொன்னது இதுதான்: "அங்கை நிண்ட முப்பது பேரும் பேரைத்தான் பாத்தவங்கள் காணும். நானும்தான். காரைக் கேட்டது நீர் ஒராள்."

அடுத்த ஞாயிறு உங்கள் காரை ரோனியின் காருக்குப் பக்கத்தில் கொண்டுபோய் விட்டீர்கள். "என்ரை மெக்கானிக் சொன்னாச் சரி" என்று ஜோர்ஜுக்குச் சொன்னீர்கள். காரணத்தை ஒருவருக்கும் சொல்லவில்லை. என்னிடம் மட்டும் மெதுவாக, "பேரன் எண்டதை ஒப்புக்கொள்ளுறன். நாலு கதவை மன்னிக்கமாட்டன்" என்றீர்கள்.

செவ்வாய்க்கிழமைகளில் முதியோர் மன்றத்துத் தமிழ் வகுப்புக்கு என்னை ஏற்றி இறக்கியதும் நீங்கள்தான். முதலாம் வகுப்புக்கு எட்டுச் சிலிண்டர் காரில் வருகிற ஆள் இவர் ஒருவர்தான் என்று அங்கே எல்லோரும் பகிடி பண்ணுவார்கள். நான் முதன்முதலாகத் துணிந்து எழுதிய சொல் என் பெயர் அல்ல. உங்கள் காருக்கு முன்னால் வைக்கிற மட்டையில், ஆங்கிலத்துக்குக் கீழே, 'இம்பாலா' என்று என்னை எழுதச் சொன்னீர்கள். கடைசி 'லா' சரிந்து விழப்பார்க்கும். வேறு மட்டை எழுதித் தருகிறேன் என்றேன். "கிடக்கட்டும். வளைவிலை வேகமாத் திரும்புது" என்றீர்கள். அதே சொல்லை ஆங்கில எழுத்தில் எப்படிக் கண்டுபிடிப்பது என்றும் காட்டித்தந்தீர்கள். இன்றைக்கும் எனக்கு ஆங்கிலத்தில் வாசிக்கத் தெரிந்த சொல் அது ஒன்றுதான்.

போன மாரியில் நீங்கள் எங்களை விட்டுப் போய்விட்டீர்கள். கார் இப்போது ஸ்ரௌவ்வில்லில் உங்கள் மகன் வீட்டில் நிற்கிறது. மாதம் ஒருமுறை ஸ்டார்ட் பண்ணி, ரெலிபோனை எஞ்சினுக்குக் கிட்டப் பிடிக்கிறார். "அங்கிள், ஓக்கேயா?" என்று கேட்பார். நான் இங்கிருந்து கேட்டுவிட்டு ஓம் என்பேன்.

போன ஞாயிறு அவர் உங்கள் காரிலேயே வந்து என்னைக் கூட்டிக்கொண்டு போனார். மட்டையும் வந்தது. அங்கே திரும்பவும் செத்தவீடு. இன்னொரு புதுக் காருக்கும் இம்பாலா என்று பெயர் வைத்துவிட்டார்களாம். எஞ்சினில் எட்டுக்குப் பதிலாக ஆறு சிலிண்டர், அதுவும் பின்சில்லை விட்டு முன்சில்லைச் சுழற்றுகிற எஞ்சின். யாரோ ஒன்றைக் கொண்டுவந்து நிறுத்தியிருந்தார். ஜோர்ஜுக்குத் தாடி முழுக்க நரைத்துவிட்டது. என்னைக் கண்டதும் கையைப் பிடித்து அந்தக் காரடிக்குக் கொண்டுபோனார். எல்லோரும் வழி விட்டார்கள்.

தூரத்திலேயே பெயரை வாசித்துவிட்டேன், அண்ணை. வாசித்த உடனேயே 'பேரன்' என்ற சொல் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. உங்கள் கார் பக்கத்தில் நிற்கிறது, உங்கள் மகன் நிற்கிறார், சொன்னால் எல்லோருக்கும் சந்தோஷம். முந்தி இப்படி ஒரு தொல்லை எனக்கு இருந்ததில்லை.

கண்ணாடியைக் கழற்றி உங்கள் துணியில் சுற்றிச் சட்டைப்பையில் வைத்தேன். கண்ணை மூடிக்கொண்டு வடிவாகக் கேட்டேன். நல்ல எஞ்சின், ஒழுங்கான எஞ்சின். ஆனால் உங்கள் குரல் அதில் இல்லை. மொழிபெயர்க்க நீங்களும் இல்லாதபடியால் நானே ஆங்கிலத்தில் சொன்னேன்: "நொட் ஃபமிலி. குட் நெய்பர்."

ஜோர்ஜ் சிரித்த சிரிப்பில் அவருடைய கோப்பியும் என் சப்பாத்தில்தான் ஊற்றுப்பட்டது. அந்தக் காரைக் கொண்டுவந்தவரும் சேர்ந்து சிரித்தார். அயலவன் என்றால் மோசமில்லைத்தானே.

பிறகு கண்ணாடியைப் போட்டுக்கொண்டு உங்கள் காரடிக்கு வந்தேன். மட்டை ஒரு பக்கம் சரிந்திருந்தது. நேராக நிமிர்த்திவைத்து, ஒவ்வொரு எழுத்தாக வாசித்தேன். 'லா' இன்னும் வளைவில் வேகமாகத் திரும்பிக்கொண்டுதான் இருக்கிறது.