கணுக்காலுக்கு மேலே ஒரு புண்

டத்தோ கிராமாட், பினாங்கு
3.3.2024

அன்புள்ள பிரமிளா,

நலமா என்று கேட்டால் உனக்குக் கோபம் வரும், அதனால் கேட்கவில்லை. போனை எடுக்க மாட்டேன் என்கிறாய். வாட்சாப்பில் பார்த்துவிட்டுப் பேசாமல் இருக்கிறாய். கடிதம் என்றால் கிழித்துப் போடவாவது கையில் எடுப்பாய் அல்லவா? உன் அண்ணன் சிரிக்கிறார்: "பாலத்துக்கு அந்தப் பக்கம் பிறையில இருக்கிற என் தங்கச்சிக்குத் தபாலா? ஊரே சிரிக்கும் லா!"

உன் காலைப் பற்றிப் பிரஷாந்தியிடம் சொன்னது நான்தான். உன் மகள் காதில் போட்டுவிட்டேன் என்றுதானே கோபம்? எங்கள் வெளிக்குழாயில் நீ கால் கழுவியபோது பார்த்தேன். உள்பக்கம், கணுக்காலுக்குச் சற்று மேலே ஒரு புண். சுற்றிலும் தோல் காப்பித்தூள் நிறம். கொசுக்கடி என்றாய். வீட்டுப்பாடம் செய்யாத பிள்ளைகள் சொன்ன காரணங்களை ஆயுள் முழுக்கக் கேட்டவள் நான்.

டாக்டரிடம் காட்டு. கோபத்தைப் பிறகு வைத்துக்கொள்ளலாம்.

உன் அண்ணி,
தனலெட்சுமி

*

பிறை
9.3.2024

அண்ணிக்கு,

கிழிக்கவில்லை. கையெழுத்து அழகாக இருந்ததால் தப்பித்தது.

நீங்கள் சொன்னதிலிருந்து பிரஷாந்தி என்னை விடுவதில்லை. சட்டியைத் தொட்டாலே "மா, உக்காரு" என்கிறாள். தொழிற்சாலைக் கெண்டினில் விடிந்ததிலிருந்து நின்று சமைக்கிறவள் நான். உட்கார்ந்தால் சோறு தானாக வெந்துவிடுமா?

அப்பாவுக்கும் இப்படி ஒரு புண்ணில்தான் ஆரம்பித்தது. இனிப்பு நீர் என்றார்கள். முதலில் விரலை எடுத்தார்கள், பிறகு முழங்கால் வரை. ஆஸ்பத்திரிக்கு நடந்து போனவரை நாற்காலியில் வைத்துத் தள்ளிக்கொண்டு வந்தோம். நீங்களும்தான் தள்ளினீர்கள். புண் வந்ததிலிருந்து நான் சீனியைத் தொடுவதில்லை, வெறும் கோப்பி கோசோங்தான். அப்படியும் ஆறவில்லை. முற்றிவிட்டது என்றுதானே அர்த்தம்? காட்டினால் வெட்டிவிடுவார்கள். இருக்கிறவரை இந்தக் காலால் நடந்துவிட்டுப் போகிறேன், விடுங்கள்.

பிரமிளா

*

டத்தோ கிராமாட்
12.3.2024

என் பிரமிளா,

இவ்வளவு பயத்தை நீ தனியாக வைத்துக்கொண்டிருந்தாயா?

ஒன்று கேட்கிறேன். உன் ரத்தத்தில் சீனி கூடியிருக்கிறதா என்று யாராவது சோதித்துப் பார்த்தார்களா? இல்லை. நீயாகத் தீர்ப்பு எழுதி, நீயே தண்டனையும் அனுபவிக்கிறாய்.

மாலையில் கால் இரும்பாகக் கனத்து, தூங்கி எழுந்தால் லேசாகிறதா? கெண்டைக்காலில் நீலமாகப் புடைத்து நெளிகிறதா? கரும்பலகை முன்னால் நின்றே தேய்ந்த என் காலும் அப்படித்தான் இருந்தது. வெரிகோஸ் வெயின் என்றார்கள். நாம் நரம்பு சுருட்டிக்கொண்டது என்போம். உண்மையில் அது ரத்தக் குழாய்.

ஓர் உதாரணம் சொல்கிறேன், பொறுத்துக்கொள். எங்கள் பக்கத்து லொங்காங் சாக்கடை கடலோடு சேருகிற இடத்தில் ஒரு கதவு இருக்கிறது. சாக்கடைத் தண்ணீர் வெளியே போகும். கடல் ஏறினால் கதவு மூடிக்கொள்ளும். அது பழுதானால் மழையே இல்லாமல் தெருவில் தண்ணீர் நிற்கும். கால் குழாய்களுக்குள்ளும் சின்னச் சின்னக் கதவுகள் உண்டு. மேலே ஏறும் ரத்தத்தைக் கீழே இறங்க விடாதவை. நாள் முழுக்க நிற்பது, பிள்ளைப்பேறு, குடும்ப வாகு, இவற்றால் அவை தளர்ந்துபோகும். ரத்தம் கணுக்கால் பக்கம் தேங்கும், தோல் கறுக்கும், புண் வரும். புண்ணுக்கு மட்டும் களிம்பு போட்டால் ஆறாது. அழுத்திக் கட்டுவார்கள். பழுதான குழாயை லேசரால் மூடுவார்கள். ரத்தம் நல்ல குழாய்கள் வழியாகப் போய்க்கொள்ளும். எனக்குச் செய்த அன்றே நடந்து வீட்டுக்கு வந்தேன். அதைச் சொல்ல வந்தபோது நீ காதைப் பொத்திக்கொண்டாய்.

நீயாகக் கட்டுப் போட்டுக்கொள்ளாதே. காலுக்கு ரத்தம் ஒழுங்காக வருகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் கட்டுவார்கள். நான் டாக்டர் இல்லை, என் ஊகம் தப்பாகவும் இருக்கலாம். இனிப்பு நீராகவே இருந்தாலும் நேரத்தோடு போனால் காலைக் காப்பாற்ற வழி உண்டு. மாமாவை நாம் கடைசியில்தான் கொண்டுபோனோம்.

சொல், கூட வருகிறேன்.

அண்ணி

*

பிறை
16.6.2024

அன்புள்ள அண்ணி,

சீனி இல்லை என்று பிரஷாந்தி டாக்டரிடம் போன அன்றைக்கே உங்களிடம் சொல்லியிருப்பாள். நம் குடும்பத்தில் யார் வாயும் நிற்பதில்லை. மீதியை நான் எழுதுகிறேன்.

உங்களைக் கூப்பிடாததற்குக் கோபப்படாதீர்கள். நீங்கள் வந்தால் டாக்டருக்கே பாடம் எடுப்பீர்கள். டாக்டர் நூர் ஃபாத்திஹா என் மகளை விடச் சின்னவள் போல் இருந்தாள். ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு, "குலா ஓகே, ஆண்டி" என்றாள், சீனி சரியாக இருக்கிறதாம். நான் அழுதுவிட்டேன். ஊசி வலிக்கிறதா என்று பதறினாள். "இல்ல டாக்டர், எத்தனை கசப்புக் கோப்பி குடிச்சேன்!" என்றேன். பிரஷாந்தி அதை மலாயில் சொன்னதும் நர்சுகள்கூடச் சிரித்தார்கள்.

அப்புறம் காலில் குளுகுளுவென்று எதையோ தடவி ஸ்கேன் எடுத்தார்கள். ரத்தம் மேலே போய்விட்டுத் திரும்பி இறங்குவதைத் திரையில் காட்டினாள். வாரா வாரம் அழுத்திக் கட்டினார்கள். படுக்கும்போது காலை உயர்த்தி வைக்க வேண்டும், நடக்க வேண்டும், ஒரே இடத்தில் நிற்கக் கூடாது. போன வாரம் கட்டை அவிழ்த்தபோது புண் இல்லை, அண்ணி! ரோஜா நிறத்தில் புதுத் தோல். தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். அடுத்த மாதம் லேசர். அதற்கு நீங்கள்தான் கூட வர வேண்டும், பேசாமல் இருப்பதாக இருந்தால்.

இப்போது ஒரு சிக்கல். கெண்டினில் பாத்திரம் கழுவும் மஹ்பூபாவின் காலில் அதே காப்பித்தூள் நிறம் பார்த்தேன். கேட்டால், "ஒண்ணுமில்ல கா, வயசாச்சு லா" என்று கைலியை இறக்கி விட்டுக்கொண்டாள். நான் நேராக அவள் மகனிடம் போய்ச் சொல்லிவிட்டேன். அன்றிலிருந்து என்னோடு பேச்சில்லை. தட்டைக்கூடத் தள்ளித்தான் வைக்கிறாள்.

அவளுக்கு ஒரு கடிதம் எழுதலாம் என்று உட்கார்ந்தேன். முதல் வரியே வரவில்லை. கோபமாக இருக்கிறவளுக்கு எப்படி அண்ணி ஆரம்பிப்பது? சீக்கிரம் சொல்லுங்கள்.

உங்கள்
பிரமிளா