தோள் வலியைச் சொல்லவில்லை

ஆகஸ்ட் 5, செவ்வாய்

விடிந்ததிலிருந்து மழை. அந்தமானில் எங்கள் மாயாபந்தர் படகு ஜெட்டியில் இரண்டு போட் ரத்து. டிக்கெட் கவுண்டரில் எல்லாரும் என்னைத்தான் திட்டினார்கள், மழையை நான் வரவழைத்த மாதிரி.

பாத்ரூம் போனபோது கறை. பழுப்பு நிறம். கர்ப்பத்தின் ஆறாவது வாரம் இது.

யாரிடம் சொல்வது? போன முறை நாள் தள்ளியதுமே தெருவுக்கெல்லாம் சொன்னோம். கலைந்தது. தெருவே வந்து துக்கம் கேட்டது. இந்த முறை மூன்று மாதம் மூச்சு விடக்கூடாதென்று நானும் செல்வமும் பேசிவைத்தோம். அத்தைக்கே, செல்வத்தின் அம்மாவுக்கே, தெரியாது. செல்வத்துக்குக் கப்பலில் வேலை. இப்போது சென்னை போகும் வழியில், நடுக்கடலில். லைன் கிடைக்காது.

போனில் இருக்கும் ஏஐயிடம் கேட்டேன். சிலருக்கு இப்படி வருவதுண்டு, ஆனாலும் டாக்டரைப் பாருங்கள், வலி வந்தால் தாமதிக்க வேண்டாம் என்றது. முதல் பாதியைப் பிடித்துக்கொண்டேன்.

6, புதன்

கறை சிவப்பாகிவிட்டது. வலது அடிவயிற்றில் குத்தல். பயமாக இருக்கிறது.

"ரத்தம், ஒரு பக்கம் வலி" என்று எழுதினேன். இன்றே ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னது. பிடிக்கவில்லை. பழையது தெரியாதபடி புதிய சாட் திறந்து "லேசான கறை, கொஞ்சம் வயிறு பிடிக்கிறது" என்று எழுதினேன். ஓய்வெடுங்கள், கவனித்துக்கொண்டிருங்கள் என்றது. அப்பாடா. டிக்கெட் இல்லை என்றால் பக்கத்துக் கவுண்டருக்குப் போய் அதையே கேட்பவர்கள் மேல் தினமும் எரிந்து விழுகிறவள் நான்.

பக்கத்து சீட் வங்காளி அக்கா மௌஷுமி தீதி என் முகத்தைப் பார்த்துவிட்டு, "அரே, தபியத் டீக் ஹை?" என்று உடம்புக்கு என்ன என விசாரித்தார். "வெறும் கேஸ் டிரபிள், தீதி" என்றேன்.

வாங்க வேண்டியவை: கொசுவத்தி, தக்காளி, நாப்கின்.

தோள்பட்டையிலும் வலி. தண்ணீர்க் குடம் தூக்கியதாக இருக்கும். அத்தை தைலம் தேய்த்துவிட்டார்.

7, வியாழன்

லீவு. கண் இருட்டியது, போனில் எழுத்து ஆடியது. ஏஐயின் பதிலை வாசித்துக் காட்டும் பட்டனை அழுத்தினேன். சத்தத்தைக் குறைக்க மறந்தேன். "கர்ப்பத்தின் ஆரம்ப வாரங்களில்..." என்று அடுப்படி வரை கேட்டது.

அத்தை கரண்டியோடு வந்தார். "யாருக்குடி கர்ப்பம்?"

"எனக்குத்தான் அத்தை." அழுதுவிட்டேன். எல்லாவற்றையும் கொட்டினேன். திட்டுவார் என்று பார்த்தால், "அதுகிட்ட இவ்வளவும் சொன்னியே, தோள் வலியச் சொன்னியா?" என்றார்.

சொல்லவில்லை. தோளுக்கும் வயிற்றுக்கும் என்ன சம்பந்தம் என்று இருந்துவிட்டேன். அத்தை பக்கத்தில் உட்கார, எதையும் குறைக்காமல் எழுதினேன். ரத்தம், ஒரு பக்கம் வலி, தோள் வலி, மயக்கம். கரு கருப்பைக்கு வெளியே இருக்கலாம், உள்ளே ரத்தம் கசியலாம், தோள் வலி அதனால்கூட இருக்கலாம், உயிருக்கே ஆபத்து, இப்போதே கிளம்புங்கள் என்றது.

வேறு மாதிரிக் கேட்டுப் பார்க்கலாமா என்று கை போனது. அத்தை போனைப் பிடுங்கி ஆட்டோவைக் கூப்பிட்டுவிட்டார்.

அதே நாள், ஆஸ்பத்திரி

ஸ்கேன் ஆயிற்று. கரு குழாயில். குழாய் கிழிந்திருக்கிறது. போர்ட் பிளேர் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்ப நேரமில்லை, இந்த மழையில் ஹெலிகாப்டரும் வராது, இங்கேயே ஆபரேஷன். கையெழுத்துப் போட்டேன். செல்வத்துக்கு இன்னும் லைன் இல்லை. செத்துவிடுவேனோ என்று பயம். எழுத்து கோணல்.

தாலியையும் வளையலையும் கழற்றி அத்தையிடம் கொடுத்தேன். கருவைக் காப்பாற்ற முடியாது என்று டாக்டர் சொன்னது காதில் விழுந்ததுதான். இருந்தும் அத்தையிடம் கேட்டேன்.

"பொழைக்குமா அத்தை?"

"நீ பொழைக்கணும்டி."

ஸ்ட்ரெச்சர் வந்துவிட்டது.