உங்கள் துணி தயார்

அன்புள்ள அம்மாவுக்கு வணக்கம்.

உங்கள் முழங்கால் வலி குறைந்ததா? அப்பா நேரத்துக்குச் சாப்பிடுகிறாரா? நான் நலம். பள்ளிக்கூடமும் நன்றாகப் போகிறது.

தெருமுனையில், செயலியில் சொன்னால் வீட்டுக்கே வந்து துணி எடுக்கும் புதுக் கடை ஒன்று வந்துவிட்டது. அதனால் அத்தையின் சலவைக் கடையை மூடிவிடலாமா என்ற பேச்சுகூட எழுந்தது. என்னை வீட்டில் வைத்துப் படிக்க வைக்கிறவருக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று தோன்றியது. "உங்கள் துணி தயார்" என்று வாடிக்கையாளரின் கைபேசிக்குச் செய்தி போகும்படி கணினியில் அமைத்தேன். சோதனைக்காக ஒருவருக்கு அனுப்ப வேண்டியதை எல்லோருக்கும் அனுப்பிவிட்டேன். கவலைப்படாதீர்கள், அத்தை திட்டவில்லை.

மாலையில் கடை கொள்ளாத கூட்டம். புதுக் கடைக்கு மாறிப்போன மருந்துக்கடைக்காரரும் வந்து நின்றார்.

"நான் இங்க துணி போட்டு மாசக்கணக்காச்சேம்மா. எதை மறந்துட்டுப் போனேன்?"

"எங்களைத்தான்," என்றார் அத்தை.

அவர் தலையைச் சொறிந்துகொண்டே சிரித்தார். மறுநாள் ஒரு மூட்டைத் துணியோடு வந்தார். அவரைப் போல இன்னும் சிலர் வந்தார்கள்.

"இப்போதைக்குக் கடையை மூடறதா இல்ல. உன் கூத்தை அண்ணிக்கு எழுது," என்றார் அத்தை. அதனால்தான் எழுதுகிறேன்.

யாராவது இந்தப் பக்கம் வந்தால் என் அகராதியையும் உங்கள் பழைய புடவை ஒன்றையும் கொடுத்தனுப்புங்கள். அத்தை கூப்பிடுகிறார், சட்டைகளை மடிக்க வேண்டும். புடவையைத் துவைக்காமலே அனுப்புங்கள், அம்மா. இங்கே எல்லாத் துணியிலும் சோப்பு வாசனைதான்.

உங்கள் மகள்