சிநேகிதியின் வெள்ளை அணுக்கள்

என் தங்கத்துக்கு,

நானும் அப்பாவும் நன்றாக இருக்கிறோம். நீ எப்படி இருக்கிறாய், மாப்பிள்ளை எப்படி இருக்கிறார், எல்லாரையும்விட உன் கடிதத்தில் வந்த அந்தச் சிநேகிதி எப்படி இருக்கிறாள்? வார்டில் மருந்து அலமாரிக்குப் பக்கத்தில் நின்றே படித்துவிட்டேன். ஐந்தாம் மாதம், ரத்தப் பரிசோதனையில் வெள்ளை அணு பன்னிரண்டாயிரத்து நானூறு, பதினோராயிரத்தைத் தாண்டினால் கிருமித் தொற்று என்று எங்கோ படித்துவிட்டு அழுகிறாள், அவ்வளவுதானே? அழாதே என்று சொல்லடி அவளிடம். நாலாயிரத்திலிருந்து பதினோராயிரம் என்பது மற்றவர்களுக்கு, வயிற்றில் பிள்ளை இருந்தால் பதினைந்தாயிரம் வரைகூடப் போகும், அவளுக்கு அதுதான் இயல்பு. நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு கர்ப்பிணிக்குப் பதினாலாயிரம் என்று பார்த்துவிட்டு டாக்டரிடம் தலைதெறிக்க ஓடினேன், அந்த அம்மாள் என்னடாவென்றால் கட்டிலில் காலை நீட்டிக்கொண்டு ஆரஞ்சு உரிக்கிறாள்! அன்றைக்குத் தலைமை நர்ஸ் வார்டுச் சுவரில் இருந்த ரத்த அளவு அட்டவணையில் பென்சிலால் எழுதிவைத்தார், மாசமா இருக்கறவங்களுக்கு இது பொருந்தாதுன்னு. அந்த எழுத்து இன்னும் இருக்கிறது. ஆனால் காய்ச்சல், குளிர் நடுக்கம், சிறுநீர் போகும்போது எரிச்சல் இருந்தால் உடனே டாக்டரிடம் போகச் சொல், கடிதம் எழுதிக்கொண்டு உட்காரக் கூடாது.

அப்புறம் ஒன்று. உன் சிநேகிதிக்குப் பற்பசை வாசனையே ஆகவில்லையாமே, பரிசோதனைத் தாளைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டு தூங்காமல் கிடக்கிறாளாமே? மார்க் ஷீட்டை அப்படி வைத்துக்கொண்டு கிடந்த ஒரே ஒருத்தியை எனக்குத் தெரியும். அடி கள்ளி! வார்டிலேயே வாய்விட்டுச் சிரித்தேன், சிரிக்கும்போதே அழுகையும் வந்துவிட்டது. போன தடவை மூன்றாம் மாதத்தில் கலைந்தபோது, ஊருக்கெல்லாம் சொல்லிட்டோமேம்மான்னு நீ அழுதது எனக்கு மறக்கவில்லை. அதனால் மறைத்தாய் என்றால் எனக்குக் கோபமே இல்லை, போ. அப்பாவிடம் சிநேகிதி கதையை அப்படியே சொன்னேன், யாரோ பெத்த பொண்ணுக்கு நீ ஏன்டி இப்படிக் குதிக்கிறன்னு கேட்கிறார். நான் மூச்சு விடவில்லை, வாய் மட்டும் காதுவரை போகிறது.

வேளைக்குச் சாப்பிடு, படியில் நிதானமாக இறங்கு. நீயும் அவளும் அவள் வயிற்றில் இருப்பதும் நோய்நொடியில்லாமல் நூறு வயது இருக்க வேண்டும். ஒரு சங்கடம். சிநேகிதி பிரசவத்துக்கெல்லாம் எங்கள் ஆஸ்பத்திரியில் லீவு தர மாட்டார்களாம், மகள் பிரசவம் என்றால் இரண்டு மாதம் உண்டு. விண்ணப்பத்தில் என்ன எழுதட்டும், ஒரே வரியில் பதில் போடு.

உனக்கும் உன் சிநேகிதிக்கும்,
அம்மா