வாய் வைத்த பாட்டில்

மகா,

இதை யாரிடமும் காட்டாதே, முக்கியமாக ஹெத்வியிடம்.

உனக்கு வந்திருப்பது எச்சில் வழியாகப் பரவும் வைரஸ், ரத்தத்தின் வெள்ளை அணுக்களில் புகுந்துகொள்ளும் என்று டாக்டர் சொன்னாராம். உன் அம்மா சொன்னார்கள். ஹெத்விக்கும் அதே காய்ச்சல். அப்போதுதான் எனக்குப் புரிந்தது. மூன்று வருடமாக என்னிடம், “அண்ணாந்து குடிடீ, எச்சி பண்ணாதே” என்று சொல்லித்தான் உன் தண்ணீர் பாட்டிலைத் தருவாய். மட்டாஞ்சேரிக்கு வந்து நம் வகுப்பில் சேர்ந்து ஆறே மாதமான அவளுக்கு வாய் வைத்துக் குடிக்கத் தந்திருக்கிறாய்.

இன்று உன்னைப் பார்க்க வந்தபோது அந்தப் பாட்டிலை எடுத்து வந்துவிட்டேன். வாய் வைத்துக் குடித்தேன். மண்ணீரல் வீங்குமாமே? பயமாக இருக்கிறது. ஆனாலும் அவளுக்கு வந்தது எனக்கும் வரட்டும்.

அம்மா கதவைத் தட்டுகிறாள். “தூங்கலையா மோளே? அடுக்களையில ஒரு பாட்டில் இருந்துச்சே, யாரோடது? தாகத்துல நான் வாய் வச்சே குடிச்சிட்டேன்.”